இரண்டாவது பிரேக்

முதலில் பழி விழுந்தது சீட் பெல்ட்டின் மேல். வயிற்றைச் சுற்றி இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது, இந்தக் கண்றாவி பெல்ட்டை மாற்றச் சொல்லி எத்தனை தடவை கத்துவது என்று அண்ணி அன்று காலையிலிருந்து டிரைவிங் ஸ்கூல் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றி, கீழே இறங்கி நின்றாள். இறுக்கம் போகவில்லை. பெல்ட் சீட்டில் கிடந்தது, ஆனால் வயிற்றைச் சுற்றி யாரோ இன்னும் இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, சாப்பிடாமல் கொள்ளாமல் ஊர் சுற்றினால் இப்படித்தான் என்று நான் வாயைக் கொடுத்தேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள், அன்று நேரே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் என் அண்ணனின் மனைவி. வெளியில் பாதிப் பேருக்கு ‘பிரேக் அக்கா’. கார் ஓட்டக் கற்றுத் தருவது அவள் வேலை. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்குகிற ஆட்களை எல்லாம் முதலாளி அவள் தலையில்தான் கட்டுவார். கற்றுத் தருகிற காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் பக்கத்தில் இருப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். அந்த இரண்டாவது பிரேக்தான் அண்ணியின் மானம், கௌரவம் எல்லாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து போன எந்த வண்டியும் எதன் மேலும் உரசியது கிடையாது. அவளுடைய வலது கால் தூங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது டிரைவர் கொஞ்சம் தாமதமாக நிறுத்தினால் தரையை மிதிப்பாள். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபா ஆடும்.

“தூக்கத்துலயும் மிதிக்கிறா. என் கணுக்காலைப் பாரு, பூரா ரத்தக்கட்டு” என்று அண்ணன் என்னிடம் காட்டுவான்.

எனக்கும் அவளுக்கும் எப்போதும் எலியும் பூனையும்தான். என் கல்யாணம் கோர்ட்டில் முடிந்த பிறகு அண்ணன் வீட்டின் சின்ன அறைக்குத் தையல் மெஷினோடு வந்து சேர்ந்தவள் நான். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பேன். வீட்டுக்குள்ளேயும் அண்ணி பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தால் தீயைக் குறை என்பாள், குழாயைத் திறந்தால் மூடு என்பாள். நீயும் கார் கற்றுக்கொள் என்று என் உயிரை எடுப்பாள். உங்கள் காரும் வேண்டாம், உங்கள் திட்டும் வேண்டாம் என்று நான் மெஷினோடு ஒட்டிக்கொள்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணன் மிதிபட்டான். அவன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், இரைச்சலுக்குப் பழகினவன்.

மறுநாள் இரண்டு பாதமும் மரத்துப்போனதாகச் சொன்னாள். தெருமுனை டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்கள், தசைப்பிடிப்பு என்று ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். அதை நான்தான் தேய்த்து விட்டேன். நன்றாக அழுத்தித் தேய் என்றாள். அழுத்தித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவள் அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சிறுநீரும் போகவில்லை, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, “இண்டிகேட்டர் போடாம திரும்புறான் பாரு. சத்தமே கேக்கல” என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் வந்து தண்டுவடத்தில் அழற்சி என்றார். மூளையிலிருந்து காலுக்குப் போகிற நரம்புக் கட்டு நடுமுதுகில் ஓர் இடத்தில் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, மேலே இருந்து போகிற கட்டளையும் கீழே இருந்து வருகிற செய்தியும் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்று விளக்கினார். ஏன் வந்தது என்று அண்ணன் கேட்டான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த சளிக்காய்ச்சலாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், பல பேருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது என்றார்.

“மறுபடி நடப்பாளா டாக்டர்?”

“மூணு பேருக்கு வந்தா ஒருத்தர் நல்லாத் தேறிடுவாங்க. ஒருத்தர் ஓரளவு தேறுவாங்க. இன்னொருத்தருக்கு அவ்வளவா முன்னேற்றம் இருக்காது. ஒரு சிலருக்குத் திரும்பவும் வரலாம்.”

அண்ணி படுத்தபடியே கேட்டாள்: “நான் அதுல யாரு?”

“இப்பவே சொல்ல முடியாதும்மா.”

நான் அந்த டாக்டரை மனதுக்குள் வைததெல்லாம் எழுத முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுகிறவன்கூட எந்தச் சீட்டு வந்தது என்று உடனே பிரித்துக் காட்டிவிடுவான். இவர்கள் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பிரிக்காமல் மாதக்கணக்கில் வைத்திரு என்கிறார்கள். ஆனால் அந்த மனுஷர் மேல் தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார்.

வீக்கத்தைக் குறைக்க ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். அதில் அண்ணியின் முகம் உப்பி, கண் இடுங்கி, ஆளே அடையாளம் தெரியாமல் போனாள். தூக்கம் போனது. கோபம் மட்டும் பழையபடி இருந்தது, கொஞ்சம் கூடவும் செய்தது. சிறுநீருக்குக் குழாய். மற்றதற்கு நாங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். அண்ணன் தொட்டால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் வெளியே போய் நிற்பான். நான் தொட்டால் திட்டுவாள். கை முரடு, துணி மாற்றத் தெரியவில்லை, தைக்கிறவளுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட வருகிறதா என்று ஏதாவது. திட்டு எனக்குப் பழக்கம். அதனால் அந்த வேலை என்னுடையது ஆனது.

ஒரு நாள் துடைத்து விட்டுக்கொண்டிருக்கும்போது திட்டை நிறுத்தினாள். “உனக்கு அருவருப்பா இல்லையா?” என்றாள்.

“இருக்கு” என்றேன். “அதுக்கு என்ன பண்றது இப்போ?”

“பொய் சொல்லாம இருந்தியே, அது போதும்” என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு மாதிரி சமாதானம். பாசம் என்று யாராவது சொன்னால் இரண்டு பேருமே அடிக்கப் போயிருப்போம்.

அந்த வலது கால் முதலில் அசைந்தது ஸ்கேன் அறைக்குப் போகிற சரிவில். வார்டு ஆள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஏதோ பேசிக்கொண்டே சரிவில் வேகமாக விட்டுவிட்டான். நான் பக்கத்தில் ஓடினேன். போர்வைக்கு அடியில் அவள் வலது பாதம் முன்னால் நீண்டு, கால் வைக்கும் தகட்டை மிதித்தது. மூன்று பேருமே பார்த்தோம். அண்ணி அழுதாள். “பிரேக் பிடிச்சேன் பார்த்தியா? நான்தான் பிடிச்சேன்” என்று வார்டு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, இது நீங்கள் செய்ததில்லை, தசை தானாக இழுத்துக்கொள்வது, இந்த நோயில் வரும் என்றார். அண்ணி நம்பவில்லை. கால் அவளுடையது, மிதித்தது அந்தக் கால், அப்புறம் யார் மிதித்தார்கள் என்று அவருக்கே பாடம் நடத்தினாள். அன்று சந்தோஷத்தில் நானும் அவள் பக்கம்தான் நின்றேன்.

ஆனால் கால் நிஜமாகவே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் இடது பெருவிரல், பிறகு முழங்கால். வீட்டுக்கு வந்த பிறகு நடைச்சட்டம், அப்புறம் சுவர், அப்புறம் கைத்தடி. நேராக மேலே போகிற படிக்கட்டு இல்லை அது. நேற்று வாசல்வரை போன கால் இன்று கட்டிலை விட்டு இறங்காது. வெயில் ஏறினால் கால் துவண்டுவிடும். குளித்துவிட்டு வந்தால் ஓடிக் களைத்தவள் மாதிரி படுத்துவிடுவாள். வயிற்றைச் சுற்றி அந்த இறுக்கம் கொஞ்சம் கூடினால் போதும், மறுபடி வந்துவிட்டது என்று மூன்று பேர் முகத்திலும் ஈயாடாது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஒன்றுமில்லை, பழைய தழும்பு செய்கிற வேலை என்று திருப்பி அனுப்புவார்கள். நிம்மதியாகத் திரும்பி வருவோம், ஆனால் அடுத்த தடவை இறுக்கும்போது இந்த நிம்மதி எதற்கும் உதவாது.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒவ்வொரு வாரமும் ஒரு சோதனை செய்வாள். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, வலது பெருவிரலைப் பிடித்து மேலேயோ கீழேயோ அசைப்பாள்.

“மேலயா, கீழயா?”

“மேல.”

கீழே இருக்கும். சில நாள் சரியாகச் சொல்லுவாள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகத்தான் வரும் என்பது எனக்கே தெரியும். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: “கால் நீங்க சொன்னபடி போகுதுக்கா. ஆனா அது எங்க இருக்குன்னு உங்களுக்குத் திரும்பத் தகவல் வரல. அதனாலதான் காலைப் பார்த்துப் பார்த்து நடக்கறீங்க. பார்க்காம நடந்தா விழுவீங்க.”

அது உண்மை. கரண்ட் போனால் அண்ணி நின்ற இடத்தில் நின்றுவிடுவாள். ஒரு தடவை சுடுதண்ணீர் வாளிக்குள் வலது காலை வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். ஆவியைப் பார்த்து நான்தான் காலை இழுத்தேன். தோல் வெந்துபோயிருந்தது. அதற்கு மருந்து வாங்கப் போன கடையில்தான் அவளுடைய குழாயும் மாத்திரையும் மாதாமாதம் வாங்குவேன். அங்கே கவுண்டரில் நிற்கிற அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள், எப்போதும் அவசரம். ஒரு நாள் மருந்தைக் கொடுத்துக்கொண்டே, “உங்க அண்ணி மறுபடி கிளாஸ் எடுத்தா சொல்லுங்க. நான் டிரைவிங் டெஸ்ட்ல தோத்துக்கிட்டே இருக்கேன். பிரேக் அக்காகிட்ட கத்துக்கிட்டா வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள்.

இதை வீட்டில் வந்து சொன்னது நான்தான். அண்ணியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தவுடனே, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

“வேலைக்குப் போறேன்” என்றாள்.

“கார் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல” என்றான் அண்ணன்.

“யார் ஓட்டப் போறா? நான் பக்கத்துல உட்காரத்தான் போறேன்.”

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, “உட்கார்ந்து செய்யற வேலைக்குப் போகலாமா டாக்டர்?” என்று கேட்டாள். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் தாராளமாகப் போகலாம், மனதுக்கும் நல்லது என்றார் அவர். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும், “இந்த வீட்டுல என்னைத் தூக்கறீங்க, துடைக்கறீங்க, புரட்டறீங்க. ஒரு இடத்துலயாவது நான் இருக்கறதால நாலு பேர் தைரியமா உட்காரட்டுமே” என்றாள். முதலாளியிடம் டாக்டர் சம்மதித்துவிட்டார் என்றாள். அவருக்கும் ஆள் இல்லை, சரி என்றுவிட்டார்.

தனியாக விட முடியாது. திடீரென்று பாத்ரூம் வரும், வந்தால் தாமதிக்க முடியாது. அதனால் நான் மாற்றுத் துணியும் குழாயும் வைத்த பையோடு பின் சீட்டில் உட்கார்ந்தேன். மடியில் ஏதாவது ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே போவேன். கார் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தவள் தினமும் காரிலேயே குடியிருக்கும்படி ஆனது.

முதல் மாணவி மருந்துக்கடை அம்மாதான். அவளுக்கு எல்லாம் வரும், பிரேக் மட்டும் வராது. எதிரே எதைக் கண்டாலும் கால் உறைந்துவிடும். “பிரேக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்கா. ஆனா நீங்க பிடிச்சிருவீங்கன்னு தோணிடுது” என்பாள். அண்ணி சிரித்துக்கொள்வாள். ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் காருக்குள் ஏதோ கருகுகிற வாடை வந்தது.

“கிளட்ச்சை அழுத்திக்கிட்டே ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அண்ணி எரிந்து விழுந்தாள்.

“அழுத்தலக்கா. கால் கீழதான் இருக்கு.”

“அப்ப வாடை எங்கிருந்து வருது? என் தலையில இருந்தா?”

வண்டி இழுக்கவில்லை, யாரோ பின்னால் பிடித்துக்கொண்டிருப்பது போலத் திணறியது. நான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணியின் வலது கால் இழுத்துக்கொண்டு, விறைப்பாக நீண்டு, இரண்டாவது பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது. அவள் கண் சாலையில் இருந்தது. வாய் அந்தப் பாவப்பட்ட பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தது. கால் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் முன்னால் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன்.

“வாடை வந்தது உங்க காலாலதான் அண்ணி. நீங்கதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டிருந்தீங்க. உங்களுக்கே தெரியல.”

“துணிக்கு ஓரம் அடிக்கிறவளுக்கு பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்?”

“பிரேக்கைப் பத்தித் தெரியாது. உங்க காலைப் பத்தித் தெரியும். தினமும் நான்தான் துடைக்கிறேன்.”

அவள் முகம் சுண்டிப்போனது. சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் அதைவிட மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அண்ணன் நடுவில் புகுந்து, அவள் இப்போதுதான் மனுஷியாக இருக்கிறாள், அதையும் கெடுக்காதே என்றான். “அழுத்தினா என்ன? வண்டி நிக்கத்தானே செய்யும். நிக்கறது ஆபத்தா?” என்றாள் அண்ணி.

“அழுத்தினது தெரியலன்னா, அழுத்தாததும் தெரியாதே” என்றேன். அன்று மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஆனால் அவள் காதில் விழாமல் இல்லை. மறுநாளே மெக்கானிக்கைப் பிடித்து, பக்கத்து சீட்டின் கீழே ஒரு மரக்கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்க வைத்தாள். குதிகாலைக் கட்டைக்கு ஒட்டி வைத்தால் பாதம் நேராகப் பிரேக்கின் மேல் நிற்கும். வண்டி எடுக்கும் முன் குனிந்து பார்த்துக் காலைக் கையால் தூக்கி வைப்பாள். சிக்னலில் நிற்கும்போது மறுபடி குனிந்து பார்ப்பாள். “இப்ப திருப்தியா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்பாள். நான் தையலை வீட்டிலேயே வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு போனேன். சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அன்று வெயில் அதிகம். கட்டடம் கட்டுகிற ஓர் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி காட்டுகிற ஆள் லாரியைப் பார்த்தபடி, வா வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்து வந்தான். முதுகு சாலைப் பக்கம். நடைபாதையைத் தாண்டி, அப்படியே நடுச்சாலைக்கு வந்துவிட்டான். லாரி சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

“பிரேக்” என்றாள் அண்ணி. சத்தமாகக்கூட இல்லை, பழகின குரலில்.

வண்டி குலுங்கி நின்றது. நான் முன் சீட்டில் போய் மோதிக்கொண்டேன். அந்த ஆளின் சட்டை முதுகில் வியர்வைக் கறை இருந்தது. அது எங்கள் பானெட்டுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வா வா என்று லாரியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓரமாக நகர்ந்து போய்விட்டான். தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மருந்துக்கடை அம்மா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “போன உயிர் திரும்பி வந்துச்சு. நல்லவேளை நீங்க பிடிச்சீங்கக்கா” என்றாள்.

அண்ணி குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் வலது கால் எப்போதோ கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்திருந்தது. பாதம் முழு பலத்தோடு வெறும் தரை விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. பிரேக் அதற்குப் பக்கத்தில் சும்மா இருந்தது.

கண்ணாடியில் அண்ணி என்னைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் நானும் வீடு வரும்வரை பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

“நான் பிடிக்கல” என்றாள் அண்ணி. “நீதான் பிடிச்சே.”

“சும்மா சொல்லாதீங்கக்கா. தைரியம் வரணும்னு சொல்றீங்க.”

“என் காலைப் பாரு.”

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். புரிய நேரம் ஆனது. மாத்திரையும் குழாயும் எடுத்துக் கொடுத்த கைதானே அது, புரிந்த பிறகு எல்லாமே புரிந்துவிட்டது. “அப்போ இத்தனை நாளா?” என்றாள். அண்ணி தலையை ஆட்டினாள்.

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க” என்றாள் அந்தப் பெண். கத்தவில்லை. “உங்களை நம்பித்தானே உட்கார்ந்தேன். அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா, ஓட்டினது நான்தானே?”

“ஆமா” என்றாள் அண்ணி.

மன்னித்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அண்ணியால் ஓட்ட முடியாது. அண்ணி இரண்டு கையாலும் தன் வலது காலைத் தூக்கி, கட்டைக்கும் பிரேக்குக்கும் எட்டாமல் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். “வண்டியை எடு. பக்கத்துல யாரும் இல்ல. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஓட்டு” என்றாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஸ்கூல் வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவளே நிறுத்தினாள், முன்கூட்டியே, குலுங்காமல். மடக்கி வைத்த அண்ணியின் கால் ஒவ்வொரு தடவையும் துடித்தது. அதை அவள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அவளுக்காகத்தான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஸ்கூலில் இறங்கியதும் அந்தப் பெண் சாவியை நீட்டினாள். அண்ணி வாங்கவில்லை. “ஆபீஸ்ல குடுத்துரு” என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போய், டாக்டரிடம் என்ன கேட்டாள், கால் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொன்னாள். அந்த மனுஷர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் போகச் சொல்வதற்கு முன்பே நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அண்ணி ரொம்ப நாள் வெளியே வரவில்லை. டிவி போட மாட்டாள். பயிற்சிக்கு வருகிற பெண் விரலைப் பிடித்தால், “தெரியல” என்று மட்டும் சொல்லுவாள். குருட்டாம்போக்கில் சொல்வதை நிறுத்திவிட்டாள். கைத்தடி இல்லாமல் நடக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறாள், டாக்டரின் கணக்கில் அது நல்ல முன்னேற்றம். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்துக்கடைக்கு நான்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பெண் வாரக்கணக்கில் என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைக் கவுண்டரில் வைப்பாள். வேறு ஸ்கூலில் சேர்ந்து டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாள் கடையில் கூட்டமில்லை. பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னிக்கு உங்க அண்ணி வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்னாங்க?”

எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். பதில் சொல்ல யோசிக்க வேண்டியதே இல்லை என்பது போல உடனே சொன்னாள்.

“நான் பிடிச்சேன்னு அவ நம்பியிருந்தா, அடுத்த தடவை காலைத் தூக்கிட்டு என் காலுக்காகக் காத்திருப்பா.”

பிறகு வலது காலைக் குனிந்து பார்த்தாள். அது முக்காலியிலிருந்து எப்போது நழுவியதோ, தரையில் கோணலாகக் கிடந்தது. “இதைக் கொஞ்சம் எடுத்து மேல வை” என்றாள். எடுத்து வைத்தேன்.